எஞ்சின் ஆறும்வரை

வான் ஓடும்போது எனக்குப் பயமில்லை. அது நின்ற பிறகுதான் பயம் தொடங்கும்.

என் மருமகன் வானை வீதியோரமாக நிறுத்துவார். ஆனால் எஞ்சினை நிறுத்தமாட்டார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, கோயில் திரை விலகக் காத்திருக்கிறவர் மாதிரி முன்னுக்குப் பார்த்தபடி இருப்பார். வான் நடுங்கிக்கொண்டு நிற்கும். பக்கத்து இருக்கையில் நானும் நடுங்கிக்கொண்டு இருப்பேன். வான் நடுங்கியது டீசலால். நான் நடுங்கியது என்னிடம் பெர்மெஸ்ஸோ இல்லாததால்.

பெர்மெஸ்ஸோ என்றால் இத்தாலியில் இருக்கலாம் என்று அரசாங்கம் தருகிற அனுமதி. பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது, மகளுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுக்க ஆளில்லை என்று பலெர்மோவுக்கு வந்தவள் நான். விசா முடிந்தது. பத்தியம் முடியவில்லை. பிறகு பத்தியமும் முடிந்தது, நான் போகவில்லை. போக ஒரு வீடு அங்கே இருந்ததா என்று கேட்டால், கூரை இருந்ததா என்று முதலில் கேட்கவேண்டும். தொண்ணூறுகளில், சண்டைக்குள், எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொலிஸ் என்னைப் பிடித்தால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த இத்தாலியச் சட்டம். அது சரியோ பிழையோ, அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் படியிறங்கினேன்.

வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கலாம். ஆனால் மகள் மொண்டெல்லோவில், கடற்கரைக்குக் கிட்ட, ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்தவள். பிள்ளைப்பேறு என்று நின்றால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருந்தது. வேலையைக் குடும்பத்துக்கு வெளியே விடுவதில்லை. அக்கா நின்றால் தங்கச்சி போவாள், தங்கச்சி நின்றால் மச்சாள் போவாள். எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது நான்தான். சிஞ்ஞோரா என்னையும் மகளின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். புதுப் பெயர் பழக அவளுக்குப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். நானும் "சி, சிஞ்ஞோரா" என்று, அதாவது ஓம் அம்மா என்று, ஓடிப்போய் நிற்பேன். ஒரே நாளில் இவ்வளவு வயது குறைந்தவள் அந்தக் கடற்கரையில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அதற்குக் களிம்பு பூசிக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள்.

மருமகனுக்கு மீன் ஏற்றுகிற வேலை. காலையில் கபோ சந்தையில் மீன் ஏற்றி மொண்டெல்லோவில் சாப்பாட்டுக்கடைகளுக்குக் கொடுப்பார். மத்தியானம் திரும்பும்போது வெறும் பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவருவார். பெட்டிகளோடு பெட்டியாக என்னையும் ஏற்றி இறக்குவார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. கோபம் ஒன்றுமில்லை, அது மரியாதை. கதவுக்குப் பின்னால் நின்று கதைக்கலாம், பிள்ளையைச் சாட்டிக் கதைக்கலாம். வானுக்குள் பின்னால் நிற்கக் கதவும் இல்லை, சாட்டுவதற்குப் பிள்ளையும் இல்லை. அதனால் நாங்கள் வானோடு கதைத்தோம்.

"வான் இண்டைக்குப் பறக்குது போல," என்று நான் முன்கண்ணாடிக்குச் சொல்வேன்.

"வானுக்கு நேரம் போட்டுது," என்று அவர் ஸ்டியரிங்குக்குச் சொல்வார்.

"குறுக்கை மாடு வந்தால் பறக்கிற வான் என்ன செய்யும்?"

"இஞ்சை மாடு இல்லை எண்டு வானுக்குத் தெரியும்."

"வானுக்கு எல்லாம் தெரியும். பிறேக் எங்கை இருக்கெண்டு மட்டும் தெரியாது."

வான் கொஞ்சம் மெல்லமாகும்.

எஞ்சினை ஏன் உடனே நிறுத்துவதில்லை என்பதை அவர் எனக்குச் சொல்லித்தந்ததும் இப்படித்தான். குழந்தையை மடியில் போட்டு, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"அம்மம்மாக்குச் சொல்லு குஞ்சு. எங்கடை வானிலை டர்போ எண்டு ஒண்டு இருக்கு. புகை வெளியிலை போற வழியிலை ஒரு சின்னச் சில்லு. புகை அடிக்கிற அடியிலை அது சுத்தும். அப்பா மிதிச்சு ஓடிக்கொண்டு வந்தால் அது நெருப்பாச் சூடாகிப்போகும்."

குஞ்சு விக்கியது.

"அந்தச் சில்லு எண்ணெயிலைதான் சுத்துது. எஞ்சின் ஓடினால்தான் எண்ணெயும் ஓடும். வந்த கையோடை நிப்பாட்டினால் எண்ணெய் நிண்டுபோகும், சூடு நிக்காது. நிண்ட எண்ணெய் அதுக்குள்ளையே கருகிப் பிடிச்சுப்போகும். பிறகு சில்லு இறுகிப்போகும். முந்தி வைச்சிருந்தவன் அப்பிடித்தான் ஒரு டர்போவை முடிச்சவன். அதுதான் அப்பா கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, ஆறினாப் பிறகு நிப்பாட்டுறது."

"அப்பாட்டைச் சொல்லு குஞ்சு," என்று நான் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அடுப்பை நூத்தாப் பிறகு சூட்டுத் தாச்சியிலை கிடக்கிற எண்ணெயை அம்மம்மாவும் கண்டிருக்கிறா. பிசின் மாதிரிப் பிடிக்கும். மண் போட்டுத் தேய்ச்சாலும் போகாது."

"ஓம், அதேதான்," என்றார் மருமகன். சந்தோசத்தில் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டார். உடனே குழந்தையின் காலைப் பார்த்தார்.

"அம்மா கோவமா இருக்கேக்கையும் இப்பிடிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் நல்லது எண்டும் சொல்லு குஞ்சு," என்றேன். அறைக்குள் இருந்த மகளுக்கும் கேட்கட்டும் என்று.

எனக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியும், ஆனால் மணிக்கூடு இல்லை. எனவே ஒரு தேவாரம் முழுதாகப் பாடி முடிகிற நேரம்தான் எஞ்சின் ஆறுகிற நேரம் என்று வைத்துக்கொண்டேன். வாய்க்குள் பாடுவேன். தெருவில் பொலிஸ் கார் திரும்பினால் தேவாரம் ஓட்டம் பிடிக்கும், இரண்டு வரி தானாக விழுந்துபோகும். நான் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மருமகன் இன்னும் முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவேன். கடவுளுக்கு அந்த வருசம் என்னால் நல்ல வேலை.

அந்த நேரம் பலெர்மோவில் இராணுவம் நின்றது. எங்களைப் பிடிக்க இல்லை. அந்த ஊரில் மாஃபியாக்காரர் காருக்குள் வைத்த பெரிய குண்டுகள் வெடித்திருந்தன, பெரிய ஆட்களின் வாசல்களைக் காவல் காக்கச் சின்னப் பொடியன்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கபோ சந்தைக்குள் போகிற ஒடுங்கின ஒழுங்கை ஒன்றின் வாயில் ஒரு மாடிக் கட்டடம். யாரோ ஒரு நீதவான் அங்கே இருந்தார் என்று சொன்னார்கள். வாசலில் ஒரு ஆமிக்காரன் துவக்கோடு நிற்பான். கட்டடத்துக்கு முன்னால் ஒரு வாகனமும் நிற்கக்கூடாது என்று பலகை போட்டிருந்தது. எனக்கு அரிவரிக்கு மேல் படிப்பில்லை, அந்தப் பலகையை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் விளங்கியது. மருமகனுக்கு வாசிக்கத் தெரியும். அதனால் பலகை முடிகிற இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி, சட்டப்படி நிறுத்துவார். ஒழுங்கைக்குள் வான் போகாது, வேறு இடமும் இல்லை.

அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உயிர் போய் வரும். மற்ற இடங்களில் பொலிஸ் வந்தால்தான் பயம். இங்கே துவக்கு ஏற்கனவே வந்து நின்றது.

இன்னொரு பயமும் இருந்தது, அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. நாங்கள் விட்டுவந்த ஊரில் நின்ற வாகனத்தை ஓடவிடுவதில்லை. ஒன்று, பெற்றோலோ டீசலோ கிடையாது, மண்ணெண்ணெயில்தான் எல்லாம் ஓடியது. மற்றது, எஞ்சின் இரைந்தால் மேலே வருவது கேட்காது. ஹெலி, ஆமியின் ஹெலிகொப்டர், வருகிறதென்றால் சாரதி முதல் செய்கிற வேலை எஞ்சினை நிறுத்துவது. எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கேட்கவேண்டும். பிறகு எல்லாரும் குதித்து, வாகனத்தை விட்டு விலகி, மதிலோரம் குப்புறப் படுக்கவேண்டும். வாகனத்துக்குத்தான் சுடுவார்கள். கிழவி, பிள்ளைத்தாய்ச்சி, மாப்பிள்ளை, பொம்பிளை எல்லாருக்கும் அது பழக்கம். இந்த இரைகிற வானுக்குள் இருக்கும்போது என் காது இரண்டும் அடைபட்ட மாதிரி இருக்கும். இது பலெர்மோ, இங்கே மேலே புறாதான் பறக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். காது நம்பாது.

அன்றைக்கு நல்ல வெயில். மொண்டெல்லோவில் கடற்கரைக்கு வந்த கார்களுக்குள் மாட்டுப்பட்டு நாங்கள் பிந்திவிட்டோம். மீன்கடைக்காரன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டால் பெட்டிகளை வைக்க இடமில்லை, மறுநாள் மீனுக்குப் பெட்டியும் இல்லை. மருமகன் வானை மிதித்த மிதியில் டர்போவின் விசில் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. நான் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஒழுங்கை வாயில் நிறுத்தினார். ஒழுங்கையைப் பார்த்தார், வானைப் பார்த்தார். அவர் மனம் இரண்டாகப் பிரிவது எனக்குத் தெரிந்தது.

"வான் கொஞ்ச நேரம் தனிய நிண்டு ஆறவேணும்," என்றார் ஸ்டியரிங்கிடம். "நான் பெட்டியளைக் குடுத்திட்டு ஓடி வாறன். ஒருத்தரும் திறப்பிலை கை வைக்கக்கூடாது."

"ஒருத்தரும் எண்டால் ஆர் எண்டு வான் கேக்குது," என்றேன்.

அவர் பெட்டி அடுக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடினார்.

நான் தனிய இருந்தேன். ஸ்டியரிங்கடியில் வான் திறப்பு, அந்தச் சாவி, தொங்கிக்கொண்டிருந்தது. வான் இரைந்தது. மடியில் சமையல் துணி சுற்றிய பை. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், வாசலில் நின்ற ஆமிக்காரன் எங்கள் பக்கம் திரும்பியிருந்தான். புதியவன். மீசை அரும்பப் பயந்து நின்ற முகம், தலையைவிடத் தொப்பி பெரிது. என் கடைசி மகனைவிட இளமை. ஆனால் துவக்குக்கு வயதில்லை. அவன் வானைப் பார்த்தான், மருமகன் ஓடின ஒழுங்கையைப் பார்த்தான், திரும்ப வானைப் பார்த்தான். ஒரு அடி முன்னுக்கு வைத்தான்.

நான் தேவாரத்தைத் தொடங்கினேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரிக்குப் பதில் வேறொரு தேவாரத்தின் மூன்றாவது வரி வந்தது. பரவாயில்லை, எல்லாம் ஒரே ஆளுக்குத்தான் என்று அதைப் பிடித்துக்கொண்டு போனேன். அவன் இன்னொரு அடி வைத்தான்.

அப்போதுதான் அது வந்தது.

காதுக்கு முதல் என் முழங்காலுக்குக் கேட்டது. பிறகு நெஞ்சுக்கு. கூரைகளுக்கு மேலால், உரசுகிற மாதிரி மிகப் பதிவாக, அந்தக் காற்றை வெட்டுகிற சத்தம். பொலிஸ் ஹெலி ஊருக்கு மேலால் பறப்பதுண்டு, தூரத்தில் துறைமுகப் பக்கம் கண்டிருக்கிறேன். இவ்வளவு கிட்ட வந்ததில்லை.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை போய்த் திறப்பைத் திருப்பியது. எஞ்சின் செத்தது. சத்தம் தெளிவாகக் கேட்டது, கடல் பக்கத்தால் வருகிறது. கதவைத் திறந்தேன், சேலையைச் சுருட்டிப் பிடித்தேன், குதித்தேன். மதிலடிக்கு ஓடி முகம் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்தினேன். தார் சுட்டது. மீன் தண்ணி மணத்தது. சத்தம் எனக்கு மேலால் போனது. இப்போது சுடுவான், இப்போது சுடுவான் என்று முதுகு காத்துக்கொண்டு கிடந்தது. பேரப்பிள்ளை வீட்டில் கிடக்கிறதே, யார் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரம் எனக்குப் பலெர்மோ என்று ஒரு ஊர் இருந்தது நினைவில்லை.

சத்தம் தேய்ந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். வானுக்கு அடியால் மற்றப் பக்கம் தெரிந்தது.

அங்கே அந்த ஆமிக்காரனும் குப்புறக் கிடந்தான். தொப்பியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

நல்ல பிள்ளை, யாரோ சரியாகப் பழக்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஹெலிக்குப் படுத்திருக்கிறான் என்று. பிறகுதான் எனக்கு ஓடி வெளித்தது. காவல் காக்கிற வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வான் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கி ஓடிவிட்டான். உள்ளே இருந்தவள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்துக் குப்புறப் படுத்தாள். அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்து அந்த வாசலில் நிறுத்தியிருப்பார்கள்? அவன் என் வானுக்குப் படுத்திருந்தான்.

அவன் கண்ணைத் திறந்தான். வானுக்கு அடியால் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் வான் சத்தம் போடத் தொடங்கியது. டிக். டிக். டிக்.

சூட்டோடு நிறுத்தினால் இரும்பு ஆறும்போது அப்படித்தான் சத்தம் போடும். வீட்டில் தாச்சியும் போடும். அவனுக்கு அது தெரியவில்லை. அவன் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனதை நான் கண்ணால் கண்டேன். பயந்தவன் துவக்கோடு இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதுவரை இருந்த பயமெல்லாம் பயமே இல்லை.

"கால்தோ," என்றேன். சூடு என்பதற்கு இத்தாலியில் கால்தோ. இஸ்திரிப் பெட்டியைத் தொடப்போனால் சிஞ்ஞோரா கத்துகிற சொல். "கால்தோ, கால்தோ." விரலால் வானைக் காட்டினேன்.

"கால்தோ?" என்று அவன் கேட்டான். குரல் உடைந்தது.

"சி. கால்தோ."

இருவரும் கொஞ்ச நேரம் அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டு கிடந்தோம். அது மெல்ல மெல்ல இடைவெளி விட்டது. அவன் எழும்பினான். துவக்கைத் தூக்கிக்கொண்டு வானைச் சுற்றி வந்தான். நானும் எழும்பிக் கையை உயர்த்தினேன். அவன் உயர்த்தச் சொல்லவில்லை, கை பழக்கத்தில் போனது.

பிறகு அவன் அந்தச் சொல்லைச் சொன்னான். "டொக்குமென்தி." பத்திரத்தைக் காட்டு. எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் முதல் படிக்கிற சொல் அது. தண்ணிக்கு என்ன சொல் என்று பிறகுதான் படிப்போம்.

நான் வானுக்குள் கிடந்த பையை எடுத்துத் தேடினேன். சமையல் துணியை எடுத்து உதறினேன். சிஞ்ஞோரா தந்த பழைய பாண் ரொட்டியை எடுத்து வெளியே வைத்தேன். உள்ளங்கையால் பையின் மூலைகளைத் தடவினேன். இருக்கிற பொருளைத்தான் சீக்கிரம் எடுக்கலாம். இல்லாத பொருளை எவ்வளவு நேரமும் தேடலாம். மேல்மாடிகளில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். என் முழங்கை பட்டுப் பாண் உருண்டு அவன் சப்பாத்தடியில் போனது.

அந்த நேரம் கட்டடத்துக்குள் இருந்து அவனுடைய மேலதிகாரி வந்தான். பெரிய வயிறு, வாய் இன்னும் அசைந்தது, சாப்பாட்டில் இருந்து எழும்பி வந்திருக்கிறான். ஒழுங்கைக்குள் இருந்து மருமகன் ஓடி வந்தார். துவக்கைக் கண்டார், என்னைக் கண்டார். ஆனால் முதலில் அவருக்கு உறைத்தது எஞ்சின் இரையவில்லை என்பதுதான்.

"மாமி, ஏன் நிப்பாட்டினீங்கள்?"

கலியாணம் முடிந்த நாளில் இருந்து என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வசனம் இது.

"மேலாலை போனதைப் போய்க் கேளுங்கோ," என்றேன்.

அவர் மேலே பார்த்தார். பிறகு என் சேலையில் ஒட்டியிருந்த தார்ப் புழுதியைப் பார்த்தார். அவரும் எங்கள் ஊர்தானே.

மேலதிகாரி ஆமிக்காரனிடம் என்ன நடந்தது என்று கேட்டான். அவர்கள் கதைத்ததில் பாதி எனக்கு விளங்கியது, மீதியை மருமகன் பிறகு சொன்னார். ஆமிக்காரனின் நெஞ்சில் இருந்து முழங்கால் வரை புழுதி. என் நெஞ்சில் இருந்து முழங்கால் வரை புழுதி. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சூடான வான் ஒன்றுக்கும் சேலை கட்டிய கிழவி ஒருத்திக்கும் பயந்து தான் தெருவில் குப்புறப் படுத்ததை அந்தப் பெரிய வயிற்றுக்குச் சொல்வானா? என்னிடம் இல்லாத பெர்மெஸ்ஸோ அந்தப் பதிலில் தொங்கியது.

"வெயிலுக்கு இந்தச் சிஞ்ஞோரா மயங்கி விழுந்திட்டா," என்று சொன்னான். "நான் குனிஞ்சு தூக்கினனான்."

பத்திரத்தின் கதை அத்தோடு நின்றது. நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முழுதாக வெளியே வரவில்லை, மேலதிகாரியின் முகம் இரக்கத்தால் இளகியது. வயதான பெண், இவனுடைய வாசலில் விழுந்திருக்கிறாள். இடுப்பில் இருந்த றேடியோவை எடுத்தான். "அம்புலான்சா," என்றான்.

அந்தச் சொல் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான். அம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்பார்கள், எந்தப் பெயரைச் சொல்வது? பெயருக்குப் பின்னால் பத்திரம். பத்திரத்துக்குப் பின்னால் பிளேன். மருமகன் வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்ச மேலதிகாரிக்கு இரக்கம் கூடியது. கோபக்காரனிடம் இருந்து தப்பலாம். இரக்கம் பிடித்தவனிடம் இருந்து எப்படித் தப்புவது?

எனக்குச் சுகம் என்று இவனுக்குக் காட்டவேண்டும். இத்தாலியில் அதற்குச் சொல் என்னிடம் இல்லை. எனவே இடுப்பில் ஒரு கையை வைத்தேன். மற்றக் கையின் விரலை மருமகனின் மூக்குக்கு நேரே நீட்டினேன். தெரு முழுதும் கேட்கத் தொண்டையைத் திறந்தேன்.

"தம்பி, இப்ப நான் உங்களை ஏசப்போறன், நீங்கள் தலையைக் குனிஞ்சுகொண்டு நில்லுங்கோ. சிரிக்கக்கூடாது."

மருமகனின் தலை தொங்கியது.

"அம்புலன்ஸ் வந்தால் நான் பிளேன் ஏறவேண்டி வரும். குஞ்சை ஆர் பாக்கிறது, ஆ? திறப்பு வானிலைதான் கிடக்கு. நான் பேசி முடிக்க முதல் அந்தப் பின்கதவைச் சாத்துங்கோ. இன்னும் குனியுங்கோ, காணாது."

"ஓம் மாமி."

"அப்பிடி இல்லை. பயந்த மாதிரிச் சொல்லுங்கோ."

"பயந்துதான் மாமி சொல்லுறன்."

அவர் போய்ப் பின்கதவைச் சாத்தினார். நான் விரலோடு பின்னால் போனேன். மேல்மாடியில் ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி ஏதோ கேட்டாள். எனக்குப் பேச விசயம் முடிந்துபோனது. நிறுத்தினால் அம்புலன்ஸ் வந்துவிடும். பாதியில் விட்ட தேவாரத்தை எடுத்து, ஏசுகிற குரலில், கையை வீசி வீசி மருமகனுக்குச் சொன்னேன். இந்த முறை ஒரு வரியும் பிழைக்கவில்லை. பெரிய தெய்வம் அப்படி ஒரு ஏச்சு அதற்கு முதல் வாங்கியிருக்காது.

மேலதிகாரி றேடியோவை இறக்கினான். மருமகனைப் பார்த்து, "சுவொச்செரா?" என்று கேட்டான். மாமியாரா என்று.

"சி," என்றார் மருமகன். அவ்வளவு துயரமான ஒரு "சி"யை நான் கேட்டதில்லை.

அவன் மருமகனின் தோளில் கை வைத்தான். தன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்றான். கூட்டிக்கொண்டு போய்த் தண்ணி கொடு, இனி இந்த இடத்தில் வானைத் தனிய விட்டுவிட்டுப் போகாதே என்று சொல்லிவிட்டு, றேடியோவைத் திரும்ப இடுப்பில் செருகினான். ஆமிக்காரன் குனிந்து அந்தப் பாணை எடுத்து, துடைத்து, என் பையில் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருமகன் திறப்பைத் திருப்பினார். வான் முக்கியது, எழும்பவில்லை. தெருவே பார்த்தது. மேலதிகாரி கிட்ட வந்தான். இரண்டாம் முறை திருப்ப, நீலப் புகை ஒன்றைக் கக்கிவிட்டு எழும்பியது. மருமகன் விசில் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி மெல்ல எடுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சீசா என்ற எங்கள் பகுதிக்கு வரும்வரை மருமகன் மெல்லவே ஓட்டினார். பகிடி விட நினைத்தேன், ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்படி நடந்ததேயில்லை. வீட்டடியில் நிறுத்திவிட்டு அவர் எஞ்சினை ஓடவிட்டார்.

"மகளுக்கு ஒண்டும் சொல்லவேண்டாம் எண்டு வானுக்கு..." என்று தொடங்கினேன்.

"வானை விடுங்கோ மாமி. உங்களுக்குத்தான் சொல்லுறன். டர்போ கருகினாக் கருகட்டும். ஹெலி வந்தால் நிப்பாட்டுங்கோ. நான் எண்டாலும் நிப்பாட்டியிருப்பன்."

நான் இறங்கிப் படியேறி, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மகள் ஏன் சேலையில் தார் என்று கேட்டாள். சிஞ்ஞோரா வீட்டு வாசலில் வழுக்கிவிட்டது என்றேன்.

மறுநாளும் போகவேண்டும். போகாவிட்டால் வேலை வெளியே போய்விடும். மத்தியானம் அதே ஒழுங்கை வாயில் வான் நின்றது. அந்தப் பொடியன் நின்றால் பரவாயில்லை என்று வழி முழுதும் நினைத்துக்கொண்டு வந்தேன், அவனுக்கு என்னைத் தெரியும். ஆனால் வாசலில் வேறொருவன் நின்றான். தாடை இறுகிய முகம். அவனுக்கு என்னைத் தெரியாது.

மருமகன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவார் என்று பார்த்தேன். இறங்கவில்லை. ஒழுங்கைக்குள் இருந்து கடைக்காரன் கை காட்டிக் கூப்பிட்டான், கடையைப் பூட்டப்போகிறேன் என்று சைகை செய்தான். மருமகன் கேளாதவர் மாதிரி என் பக்கத்திலேயே இருந்தார். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. புதியவன் வாசலை விட்டு எங்களை நோக்கி நடந்து வந்தான். மருமகனின் பக்கக் கண்ணாடியில் குனிந்து ஏதோ கேட்டான். எஞ்சின் சூடு, ஆறவேண்டும் என்று மருமகன் சொன்னார். அவன் என்னைப் பார்த்தான். மடியில் இருந்த பையைப் பார்த்தான். திரும்ப என்னைப் பார்த்தான். நான் வலிந்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நின்று, பிறகு போனான்.

அதற்குப் பிறகும் மருமகன் அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம் இருக்கவேண்டுமோ அவ்வளவு நேரமும் இருந்துவிட்டுத்தான் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"இறங்குங்கோ மாமி, ரெண்டு பேருமாப் போய்ப் பெட்டியளைக் குடுத்திட்டு வருவம்," என்றார்.

"நீங்கள் முன்னாலை போங்கோ தம்பி," என்றேன். "கால் இன்னும் வரேல்லை. வந்தவுடனை அதையும் கூட்டிக்கொண்டு வாறன்."

அவர் போகவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கால் வரும்வரை வெயிலில் நின்றார்.